முயன்றால் போதுமா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38-இன் வினைச்சொற்களைக் கவனியுங்கள். புகாருக்குள்ளான வணிகர் 30 நாள்களுக்குள் பதிலளித்தாக வேண்டும். மிஞ்சினால் 15 நாள் நீட்டிப்பு. அதற்குமேல் ஒரு நாளும் கூடாதென்று, 1986 சட்டத்தின் இதே விதியை ஆராய்ந்த உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்ப்பளித்தது. ஆணையமோ, அறிவிப்பு எதிர்த்தரப்பை எட்டியதிலிருந்து மூன்று மாதங்களில், ஆய்வகச் சோதனை தேவையெனில் ஐந்து மாதங்களில், முடிவுசெய்ய ‘முயல’ வேண்டும்; அவ்வளவே! வணிகரைக் கட்டும் காலக்கெடு ஆணையத்தைக் கட்டாது. முயல்வதற்கும் ஆள் வேண்டுமே? ஆணையங்களின் காலிப் பணியிடங்கள் குறித்து 2021-இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கெடுக்க நேர்ந்தது. பெங்களூரு சாந்திநகரில் வாய்தாவுக்கு வாய்தா அலையும் நுகர்வோருக்கு முயற்சி எதற்கு? காலி நாற்காலிகளை நிரப்புங்கள். பிறகு அந்த வினைச்சொல்லைத் திருத்துங்கள்.