நீச்சல் குளங்களும் உயிர்க் காப்பும்

வேனிற்காலம் பிறந்துவிட்டால் நகரங்களில் நீச்சல் குளங்களை நாடிச் சிறுவரும் வாலிபரும் திரள்கின்றனர். தேகவலிமைக்கும் மனோதைரியத்துக்கும் நீச்சல் சிறந்த அப்பியாசம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், தெளிந்த நீரும் நாற்புறமும் கட்டிய கரையும் உள்ள இடத்தில் ஆபத்து ஏது என்று பெற்றோரும் குளங்களை நடத்துவோரும் அலக்ஷியமாயிருப்பது பெரும் பிழையாகும். 2021-ம் வருஷத்தில் மட்டும் உலகில் சுமார் 3 லக்ஷம் பேர் நீரில் மூழ்கி மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 29 வயதுக்குட்பட்டவர்கள். அவ்வாண்டிலேதான் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25-ந் தேதியை இவ்வாபத்தைத் தடுப்பதற்குரிய தினமாகப் பிரகடனம் செய்தது.

மூழ்குகிறவன் கூக்குரலிடுவான் என்று ஜனங்கள் நம்புகின்றனர். மூச்சுவிடவே வழியற்றவன் கூவுவது எங்ஙனம்? வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, கைகள் நீரை அழுத்தித் தவிக்க, பெரும்பாலும் சப்தமின்றி ஒரு நிமிஷத்துக்குள் அமிழ்ந்துவிடுகிறான். அருகில் விளையாடுவோருக்கும் தெரிவதில்லை. ஆதலின், குளத்தைக் காப்பவன் நீரைவிட்டுக் கண்ணை எடுக்கலாகாது. அவனை டிக்கெட் கொடுக்கவும் தரையைக் கழுவவும் ஏவுவோர் பிறர் உயிரோடு விளையாடுகின்றனர்.

ஆபத்தைக் கண்டதும் நீரிற் குதிப்பதே வீரமென்று நம் வாலிபர்கள் கருதலாகாது. தத்தளிப்பவன் தன்னைக் காக்க வந்தவனையே இறுகப் பற்றி அமிழ்த்திவிடக்கூடும். முதலில் உதவிக்கு ஆட்களைக் கூவி அழைக்க வேண்டும். பிறகு கரையிற் படுத்துக்கொண்டு கழியையோ வேஷ்டியையோ நீட்ட வேண்டும்; எட்டாவிடில் கயிறு கட்டிய மிதவையை எறிய வேண்டும். நீரில் இறங்குவது பயிற்சி பெற்றவர்களுக்கே உரியது. அவர்களும் மிதவையோடு இறங்குவதே விவேகம்.

கரையேற்றியவனைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவதும் நம் நாட்டில் இன்னும் நீங்காத வழக்கங்கள். இவற்றால் காலம் வீணாகும்; வாந்தி சுவாசப்பையிற் புகவும் கூடும். அவனுக்கு உடனே வேண்டுவது பிராணவாயு. பிரக்ஞையும் இயல்பான சுவாசமும் இல்லையெனில், ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றொருவர் அவன் தலையைச் சற்றுப் பின்சாய்த்து, மோவாயை உயர்த்தி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊத வேண்டும். பின்னர் மார்பின் நடுவே 30 முறை அழுத்துவதும் 2 முறை ஊதுவதுமாக, வைத்திய உதவி வரும்வரை விடாது செய்ய வேண்டும். வயது வந்தோருக்கு 5 செண்டிமீட்டருக்குக் குறையாத ஆழமும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 வரையான வேகமும் அவசியம்.

ஆம்ஸ்டர்டாம் நகரில் 1767-லும், லண்டனில் இரு வைத்தியர்களின் முயற்சியால் 1774-லும், மூழ்கினோரை மீட்பதற்கென்றே சங்கங்கள் தோன்றின. சர்க்காரின் உத்தரவுக்குக் காத்திராமல் பிரஜைகளே முன்வந்து செய்த காரியம் இது. நம் வாலிபர் சங்கங்களும் தொண்டர் படைகளும் இவ்வித்தையைக் கற்று ஊர்தோறும் பரப்ப இயலாதா?

பயிற்சி பெற்ற காவலர் கரையில் நில்லாத வேளையில் எந்தக் குளமும் திறக்கப்படலாகாது. ஆழத்தின் அளவு கரையில் தெளிவாக எழுதப்பட வேண்டும். கழியும் மிதவையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இவை இல்லாத குளத்துக்கு நகரசபைகள் அனுமதி தரலாகாது. பெற்றோர்களும் தங்கள் மக்களை அங்கே அனுப்பலாகாது. ஓர் உயிர் போனபின் விசாரணை நடத்துவதைக் காட்டிலும், இன்றே இவற்றைச் சோதித்துப் பார்ப்பது அதிகாரிகளின் கடமையென்று வற்புறுத்துகிறோம்.