இளவேனில் என்றால் ஸ்பிரிங் இல்லைங்க!

பெண் குழந்தைக்கு இளவேனில் என்று பெயர் வைக்கிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். அர்த்தம் கேட்டால்தான் வம்பு. "ஸ்பிரிங் சீசன்" என்று பதில் வருகிறது. பெயர்ப் பட்டியல்களிலும் அதேதான்: இளவேனில் = வசந்தம் = ஸ்பிரிங். முடிஞ்சது கதை. பக்கத்தில் பனி உருகிப் பூ எட்டிப் பார்க்கிற படம் வேறு :-)

திருச்சியில் எந்தப் பனி சார் உருகுது?

'வே' என்றால் எரிதல், வேகுதல். வெந்தது, வேக்காடு எல்லாம் அந்தக் குடும்பம். வேனிலும் அதே வீட்டுப் பிள்ளைதான். இளவேனில் என்றால் வெயிலின் இளம் பருவம்: சித்திரை, வைகாசி. அடுத்து ஆனி, ஆடி முதுவேனில். தொல்காப்பியம் வேனிலைக் கொண்டுபோய் வைத்தது பாலைத் திணையில். அதாவது வறண்ட வழி, நடுப்பகல், பிரிவு.

நம்பாதவர்கள் சித்திரையில் முக்கொம்பு போய்ப் பார்க்கலாம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம், 1836-இல் மேலணை கட்டிய இடம். மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு மூடுகிற வழக்கமான தேதி ஜனவரி 28, திறப்பது ஜூன் 12. இளவேனிலில் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள் விழுகிறது. பெரும்பாலான வருடங்களில் அப்போது கொள்ளிடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். புதுத் தண்ணீர் வந்து ஊரே ஆற்றங்கரைக்கு ஓடுவது ஆடிப்பெருக்குக்கு. கணக்குப்படி அது முதுவேனில்! மழை பெய்வது குடகில், வெள்ளம் இங்கே. எந்த ஊர் 'சம்மரில்' ஆறு நிரம்பும்? நம்ம பருவங்களை இங்கிலீஷ் டப்பாவில் அடைத்தால் இப்படித்தான் பிதுங்கும்.

"ஐயோ, அப்போ பெயருக்கு அர்த்தம் வெயிலா?" என்று பெற்றோர் பதற வேண்டாம். இந்த வெயிலில்தான் வேம்பு பூக்கிறது. சரக்கொன்றை மஞ்சளாகக் கொட்டுகிறது. மாம்பழம், நுங்கு, மல்லிகை எல்லாம் இப்போதுதான். சித்திரை முதல் நாள் இலையில் விழுகிற வேப்பம்பூப் பச்சடி சும்மாவா? ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளுக்கு வசந்தோற்சவமும் வைகாசியில்தான் நடக்கிறது. ஆக, வசந்தி, வசந்த் என்று பெயர் வைத்தவர்களும் இதே வெயில் கோஷ்டிதான்.

"பெயர் நீளம், வெளியூர்க்காரன் வாயில் நுழையாது" என்பது அடுத்த சாக்கு. துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் 1999-இல் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்தவர். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்கும் இதே பெயரோடுதான் போனார். நுழைந்ததே!

"அர்த்தம் எதுவானால் என்ன, கேட்க அழகா இருக்கே" என்பவர்களும் உண்டு. ஆனால் அந்தக் குழந்தையிடம் ஸ்கூலில், காலேஜில், ஆபீஸில் ஆயுள் முழுக்கப் பெயருக்கு அர்த்தம் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் அது தான் பார்த்தே இராத ஒரு ஊரின் பருவத்தை ஒப்பிக்க வேண்டுமா?

பட்டியல் போடும் புண்ணியவான்களே, 'ஸ்பிரிங்'கை அடித்துவிட்டு 'வேம்பு பூக்கும் காலம்' என்று போடுங்கள். இடம் ஒன்றும் அதிகம் பிடிக்காது.