முகவரி அறிந்த மருந்து

தலைவலிக்கு நாம் விழுங்கும் குளிகை தலைக்கு மட்டும் செல்வதில்லை. இரத்தத்திற் கலந்து உள்ளங்கால்வரை ஓடுகின்றது. மருந்துக்கு முகவரி தெரியாது. தலைவலிக்காரருக்கு இதனாற் பெருங்கேடு இல்லை. இருதய நாடி பழுதுற்றவர்க்கோ இஃது உயிர்ப் பிரச்சினை.

1977ஆம் ஆண்டு சூரிச் நகரில் அந்திரியாஸ் குறுன்சிக் என்னும் வைத்தியர், ஒடுங்கிய இருதய நாடியொன்றினுள் சிறு பலூனைச் செலுத்தி விரித்து வழி திறந்தார். நெஞ்சைப் பிளவாமலே வைத்தியம்! ஆயின் பலூன் விரியும்போது நாடியின் உட்சுவர் கிழிபடும். அப்புண் ஆறுகையிற் கலங்கள் மிகையாகப் பெருகி, திறந்த வழியைச் சில மாதங்களிலே மீண்டும் தூர்த்துவிடுவதுண்டு. பெருக்கத்தைத் தடுக்கப் பக்கிளிற்றக்செல் என்னும் மருந்து உண்டு. பசிபிக் யூ மரப்பட்டையிற் கண்டெடுத்தது, புற்றுநோய்க்கு வழங்குவது. உடலெங்கும் பரவவிடின் நலமுள்ள கலங்களையும் வருத்தும். மருந்து பூசிய வலைக்குழாயை நாடியில் நிறுத்துவது இன்று வழக்கிலுள்ளதெனினும், நாடி கிளைபிரியும் இடத்தில் அதனைப் பொருத்துவது எளிதன்று.

2010ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்து றொபேட் லாங்கரும், ஹாவாட் சர்வகலாசாலையின் ஒமிட் ஃபரோக்சாட்டும், அவர்தம் குழுவினரும் வெளியிட்ட முறை எம்மைப் பெரிதுங் கவர்ந்தது. நலமான நாடியின் உட்புறத்தை மெல்லிய கலப்படையொன்று போர்த்திருக்கும். அது கிழிந்தால்தான் அடியிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் இரத்தத்திற்கு வெளிப்படும். புண்ணே தன் முகவரியை எழுதி வைத்திருக்கின்றது! அக்கொலாஜனைப் பற்றவல்ல புரதத்துண்டுகளை மேனியிற் பதித்து, 60 நனோமீற்றர் அளவான துணிக்கைகளை அவர்கள் ஆக்கினர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நனோமீற்றர். உள்ளே மருந்து, நடுவே, முட்டை மஞ்சட்கருவிலும் காணப்படும் லெசிதின், புறத்தே, உடலின் காவற்கலங்கள் எளிதில் இனங்காணாதவாறு ஒரு போர்வை. மருந்தும் ஒருங்கே கொட்டிவிடாது, நாட்கணக்கிற் சிறிது சிறிதாகக் கசியும்.

எலியின் வால் நாளத்தில் ஏற்றிய துணிக்கைகள் கழுத்து நாடியின் புண்ணிற் சென்று ஒட்டின. இதனை வகுப்பிலே சொன்னபோது, "துணிக்கைக்குக் கண் உண்டோ, ஐயா?" என்றான் ஒரு மாணவன். நல்ல கேள்வி. வேலியோரம் செல்வோனை நாயுருவி விதை தேடுவதில்லை. வேட்டி பட்டால் ஒட்டிக்கொள்கின்றது. இங்கும் அவ்வாறே. பற்றுந்துண்டு இல்லாத துணிக்கைகளினும் இவை இருமடங்கு ஒட்டின. 2011இல் அக்குழுவினர், எலிகளின் நாடி மீண்டும் தூர்வது இம்முறையாற் குறைந்ததையுங் காட்டினர்.

இருமடங்கு பெரிதே. எஞ்சியவை எங்கே போயின என்று கேட்பதும் முறையே. இத்தகைய துணிக்கைகளிற் பெரும்பங்கை ஈரலும் மண்ணீரலும் வடித்தெடுத்துக்கொள்கின்றன. மேலும், எலியின் நாடி ஆய்வுகூடத்தில் ஒரே நாளிற் புண்பட்டது. மனிதரின் நாடியோ பல்லாண்டுகளாகக் கொழுப்பும் சுண்ணமும் படிந்து தடித்தது. அத்தகைய சுவரிலே கொலாஜன் எவ்வளவு வெளிப்பட்டிருக்கும், துணிக்கை எத்துணைநேரம் பற்றி நிற்கும் என்பவற்றை எலி சொல்லாது.