சூதாட்டக் கடை மூடியது: இனி யாருக்குச் சந்தர்ப்பம்?

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி, போக்கர் முதலிய ஆட்டங்களை இந்திய சர்க்கார் 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு சட்டத்தின் மூலம் அடியோடு தடுத்துவிட்ட சங்கதி வாசகர்கள் அறிந்ததேயாகும். 20-ந் தேதி மக்களவையிலும், 21-ந் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22-ந் தேதி குடியரசுத் தலைவரின் சம்மதமும் பெற்ற அச்சட்டப்படி, இவ்வாட்டங்களை நடத்துகிறவர்களுக்கு 3 வருஷம் வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்கிறவர்களுக்கு 2 வருஷம் வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆடி ஏமாந்தவனுக்குத் தண்டனை கிடையாது. ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவனை அடிப்பதே வழக்கமாய்ப் போன நாட்டில் இது நல்ல மாறுதலேயாகும். ஆதலால் நாம் இதை மனப்பூர்வமாக வரவேற்கிறோம்.

ஆனால் கடை மூடிய மறுநாளே, "ஐயோ, பிழைப்புக்கு இருந்த சந்தர்ப்பம் போயிற்றே" என்று ஒரு கூட்டமும், "நல்ல சந்தர்ப்பம் வந்தது" என்று மற்றொரு கூட்டமும் கிளம்பிவிட்டன. இவர்கள் யார், இவர்கள் தேடும் சந்தர்ப்பம் என்ன, இவர்களுக்கு நடுவே நமது இயக்கத்தாருக்குள்ள சந்தர்ப்பம் என்ன என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

முதலாவதாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் காரியத்தில் தமிழ்நாடு டில்லிக்குப் பின்னால் போனதல்ல, முன்னால் போனதாகும். 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், ஆன்லைன் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டுமென்று நீதிபதி புகழேந்தி எடுத்துச் சொன்னார். அவ்வருஷம் நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதன்பின் வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, அக்டோபரில் மறுபடியும் சட்டசபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் ரவி அவர்கள் அதை மாதக் கணக்கில் வைத்திருந்து, 2023 மார்ச்சில், சட்டசபைக்கு இதில் அதிகாரமில்லை என்று திருப்பியனுப்பினார். சட்டசபை அதே மாதத்தில் இரண்டாம் முறையும் நிறைவேற்றி அனுப்பிய பிறகே ஏப்ரலில் கையெழுத்தாயிற்று. 'பந்தயமும் சூதாட்டமும்' என்பது அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 34-வது இனமாக அச்சாகியிருக்கிறது. மாநிலப் பட்டியலில் உள்ளதை மாநிலம் செய்தால் அதிகாரமில்லையாம். இரண்டு வருஷம் கழித்து அதையே டில்லி செய்தால் தேச சேவையாம்! அந்த மாதங்களில் கடனாளியான குடும்பங்களுக்கு யார் ஜவாப்தாரி என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

இது நிற்க. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தைச் செல்லுமென்று சொன்னாலும், ரம்மியும் போக்கரும் திறமையாட்டங்கள் என்று அவற்றுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. இந்தத் 'திறமை' என்ற வார்த்தையைத்தான் நாம் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் இன்று வாலிபர்களைப் பிடித்தாட்டுவது பழைய 'அதிர்ஷ்டம்' என்ற பேயல்ல. 'திறமை' என்ற புதுப் பேயேயாகும்.

சில மாதங்களுக்கு முன் உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு தெருமுனைக் கூட்டத்தில் தலையெழுத்தைப் பற்றிப் பேசி முடித்ததும், ஒரு வாலிபர் எழுந்து, "ஐயா, தலையெழுத்து இல்லை என்கிறீர்கள், நானும் அதே கட்சிதான். சீட்டாட்டத்தில் நான் சாமியை நம்பவில்லை, என் மூளையைத்தான் நம்பினேன். கோர்ட்டும் அதைத்தானே சொல்லிற்று? பகுத்தறிவால் ஆடுகிறவனை ஏன் தடுக்க வேண்டும்?" என்று கேட்டார். "எவ்வளவு ஜெயித்தீர்கள் தம்பி?" என்றோம். அவர் தலை குனிந்தார். பக்கத்திலிருந்த சிநேகிதர், "அவன் அம்மா செயின் அடகுக் கடையில் இருக்குங்க ஐயா" என்றார். கூட்டம் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்று அவசரத்தில் நாம் சொன்ன பதில் போதாது என்பதால் இன்று கணக்காகவே சொல்லுகிறோம்.

பத்துப் பேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் உட்காருகிறார்கள். மொத்தம் 10,000 ரூபாய். ஒவ்வொரு சுற்றிலும் மேசைமேல் 1,000 ரூபாய் சேருகிறதென்றும், அதில் நூற்றுக்கு 5 வீதம் ஆட்டக் கம்பெனி கமிஷன் எடுத்துக்கொள்ளுகிறதென்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 50 ரூபாய். 100 சுற்று முடிந்தால் 5,000 ரூபாய், அதாவது வந்த பணத்தில் சரிபாதி, கம்பெனியின் பெட்டிக்குப் போயிற்று. மீதிப் பாதிக்குத்தான் பத்துப் பேரும் மோதிக்கொள்ள வேண்டும். பத்துப் பேரும் ஒருவருக்கொருவர் சளைக்காத மூளைசாலிகளாயிருந்தாலும் அந்த 5,000 திரும்பாது. திறமை என்ன செய்யும்? யார் பணம் யார் கைக்குப் போவது என்பதைத் தீர்மானிக்கும். கம்பெனிக்குப் போவதை ஒருக்காலும் தடுக்காது. ஆகவே அந்த மேசையில் தோற்காத மூளை ஒன்றே ஒன்று. அது சீட்டையே தொடாத முதலாளியின் மூளை! கைப்பேசியில் 100 சுற்று என்பது ஒரு ராத்திரி வேலைகூட அல்ல. இது போதாதென்று, போட்ட பணம் முழுவதன் மேலும் நூற்றுக்கு 28 வரி என்று 2023 அக்டோபர் முதல் சர்க்காரும் ஒரு கை நீட்டியது.

கோர்ட்டைக் காட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். ரம்மி பெரும்பாலும் திறமையாட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொன்னது உண்மைதான். ஆனால் அதே தீர்ப்பில், ஆட வைக்கிறவன் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் அடிப்பானேயானால் குற்றமாகலாம் என்றும் சொல்லியிருக்கிறது. முன்பாதியைக் கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்தவர்கள் பின்பாதியை ஏன் விழுங்கினார்கள்? மனமகிழ் மன்றத்தில் நாலு பேர் பொழுது போக்க ஆடுவது வேறு. லட்சக்கணக்கானவர்களை ராத்திரி பகலாய் ஆடவைத்துச் சுற்றுக்குச் சுற்று கமிஷன் எடுப்பது வேறு.

நமது ஜனங்களுக்குச் சூது ஏன் இவ்வளவு லேசாகப் பிடிக்கிறது? நாட்டையும் தம்பிகளையும் கட்டின பெண்சாதியையும் வைத்துச் சூதாடிய ஒருவனை 'தர்மன்' என்று கும்பிடச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆண்டவனே அம்பிகையோடு சொக்கட்டான் ஆடினான் என்று கதை படிக்கிறோம். ஜாதகத்தில் லாப ஸ்தானம் பார்க்கிறோம்; கனவில் வந்த எண்ணைக் குறித்து வைக்கிறோம். உழைக்காமல் ஒன்று நூறாகும் என்ற நம்பிக்கையை உண்டியல் முன்னால் ஊட்டிவிட்டு, அதே நம்பிக்கையைக் கைப்பேசியில் கண்டதும் 'அநியாயம்' என்றால் என்ன அர்த்தம்? இரண்டும் ஒரே வேரின் இரண்டு கிளைகளேயாகும்.

இனி, சந்தர்ப்பம் தேடுகிறவர்களைப் பார்ப்போம். முதல் கூட்டம், கடல் கடந்த தேசங்களில் உட்கார்ந்துகொண்டு வேறு பெயரில் வலை விரிக்கும் கூட்டம். இங்கே சட்டத்துக்குட்பட்ட கம்பெனி மூடியதும், "எங்களிடம் வா" என்று கைப்பேசியில் செய்தி அனுப்புகிறவன் இவன்தான். அமெரிக்காவில் 2011 ஏப்ரல் 15-ந் தேதி அந்த சர்க்கார் மூன்று பெரிய போக்கர் கம்பெனிகளை மடக்கியபோது, அவற்றில் ஒன்று ஆட்டக்காரர்களின் பணத்தையே எடுத்துப் பங்கு போட்டுக்கொண்டது என்று சில மாதங்களில் குற்றச்சாட்டு எழுந்தது. கோர்ட்டும் போலீஸும் எட்டிப் பிடித்த கம்பெனியின் நிலைமையே இதுவென்றால், முகமும் விலாசமும் இல்லாதவனிடம் போட்ட பணம் எங்கே போய் நிற்கும்?

இரண்டாவது கூட்டம், "சூதாட்டம் வேண்டாம், பங்குச் சந்தையில் ஆப்ஷன் வாங்கு, அது கௌரவமான தொழில்" என்று வகுப்பு நடத்திக் கட்டணம் வாங்குகிற கூட்டம். பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்குப்படி, முந்திய மூன்று வருஷங்களில் இந்த வகை வியாபாரத்தில் இறங்கிய தனி நபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள்; மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பெயரில் கௌரவம் இருந்தால் பையில் ஓட்டை இல்லையென்று ஆகிவிடுமா?

மூன்றாவது கூட்டம், மூன்று நம்பர் லாட்டரியை ஒளித்து விற்கிறவர்கள். தமிழ்நாட்டில் லாட்டரி 2003 ஜனவரியில் ஒழிக்கப்பட்டது. ஆனால் 16 வருஷம் கழித்து, 2019 டிசம்பரில், கள்ள லாட்டரியால் வந்த கடன் தாங்காமல் விழுப்புரத்தில் ஒரு தொழிலாளியின் குடும்பமே மாண்டது. கந்து வட்டியைத் தடுக்கும் சட்டம் வந்ததும் அதே 2003-ல்தான். இன்றும் மேலூரிலும் திருமங்கலத்திலும் அவசரக் கடன் கேட்டுப் போகிற ஏழையிடம் எந்த வட்டி கேட்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? சட்டம் கடையைத்தான் மூடும், ஆசையை மூடாது. அந்த வேலை சர்க்காருடையதல்ல, நம்முடையது.

வேலை இழந்தவர்களின் குரலையும் நாம் தள்ளிவிடவில்லை. அந்தக் கம்பெனிகளில் கணினி வேலை பார்த்த பிள்ளைகள் சூதாடிகளல்லர், சம்பளக்காரர்கள். அவர்களுக்கு வேறு வேலைக்கு வழி காட்ட வேண்டியது, தடுத்த சர்க்காரின் கடமை. பணம் வைக்காத விளையாட்டுகளையும், திறமைப் போட்டிகளையும் வளர்க்க வேண்டுமென்று அதே சட்டம் சொல்லுகிறது. அது எழுத்தோடு நிற்காமல் மதுரை போன்ற ஊர்களுக்கும் வந்து சேர வேண்டும். ஆனால், "பலருக்குச் சம்பளம் கிடைக்கிறது, ஆகையால் சூதாட்டம் இருக்கட்டும்" என்கிற வாதம், தாசி முறையை ஒழிக்கப் புறப்பட்டபோதும் வந்த வாதமே. அன்றே அதற்கு நாம் காது கொடுக்கவில்லை.

இனி நமது சந்தர்ப்பம். தினம் 100 ரூபாயைக் கைப்பேசியில் விட்டவனுக்கு வருஷத்தில் 36,500 ரூபாய் மிஞ்ச வேண்டும். செல்லூர் நெசவாளியானாலும், சோழவந்தான் வயலில் கூலி வேலை செய்கிறவரானாலும் இது சிறிய தொகையல்ல. அடகு நகையை மீட்கலாம். பெண்ணைப் படிக்க வைக்கலாம். ஒரு தையல் மெஷின் வாங்கலாம். அந்தப் பணம் அடுத்த ஏமாற்றுக்காரன் கைக்குப் போகுமுன் வீட்டிலுள்ள பெண்களின் கைக்குப் போகும்படி செய்ய வேண்டும். அவர்களுடைய சுய உதவிக் குழுவிலோ, தபாலாபீசிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ அது சேரட்டும்.

ஆகவே இயக்கத் தோழர்களுக்கு மூன்று காரியங்களைச் சொல்லுகிறோம். ஒன்று: நமது கூட்டங்களில் புராண ஆபாசங்களை எடுத்துக்காட்டுவதோடு நிற்காமல், மேலே சொன்ன கணக்கையும் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். கணக்கும் பகுத்தறிவுப் பிரசாரமே. இரண்டு: நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திற்கு வாரம் ஒரு முறை நாலு வாலிபர்களை அழைத்துப் போங்கள். ராத்திரி முழுதும் கைப்பேசியில் கண் பூத்தவர்களுக்குப் பகலில் உட்கார ஒரு நல்ல இடம் வேண்டாமா? மூன்று: பணம் பறிகொடுத்தவர் வெட்கப்பட்டு ஒளிய வேண்டியதில்லை. 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால் போலீஸார் பணத்தை மறித்து வைக்க வழியுண்டு. கடனாளியாகி மனமுடைந்திருப்பவரைக் கண்டால் பரிகாசம் செய்யாதீர்கள், தனியே விடாதீர்கள்.

அந்த உசிலம்பட்டித் தம்பி இதைப் படிப்பாரானால் அவருக்கு ஒரு வார்த்தை: தம்பி, உமது மூளையை நம்பியது தப்பல்ல. அதைப் பிறர் போட்ட மேசையில் கொண்டுபோய் அடகு வைத்ததுதான் தப்பு. அம்மாவின் செயினை மீட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வாரும். அந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக்காட்ட நமக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.