மறுநாளும் நேசிக்க வேண்டும்

2024 ஜூலை 13, சனிக்கிழமை. திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோடு என்ற ஓடையில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவரை மழைநீர் இழுத்துச் சென்றது. திங்கட்கிழமை காலை, பழவங்காடியை அடுத்த தகரப்பறம்பில் அவர் உடல் மிதந்தது. அதை விபத்துக் கணக்கில் எழுதிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. மழை பெய்தது உண்மைதான். ஆனால் அந்த மனிதரை அந்த நீருக்குள் இறங்க வைத்தவை, ஊரார் இருட்டிய பிறகு முடிச்சுப் போட்டு வீசிய பைகள்.

இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்க்க வேண்டும். தண்டவாளங்களுக்குக் கீழே நூறு மீட்டருக்கு மேல் நீளும் இருட்டுச் சுரங்கம். உள்ளே ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த பிளாஸ்டிக், சாக்கடைச் சேறு. தீயணைப்புத் துறையின் ஸ்கூபா வீரர்கள் அதை விலக்கிக்கொண்டே அதனுள் நுழைந்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. கொச்சியிலிருந்து கடற்படையும் வந்தது. தங்களுக்கு உறவோ பழக்கமோ இல்லாத ஓர் ஏழைத் தொழிலாளிக்காக அவர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். அன்பைப் பற்றி அன்று காலை எந்த ஆலயத்தில் என்ன பிரசங்கம் செய்யப்பட்டிருந்தாலும், அந்தச் சுரங்கத்துக்குள் நடந்தது அதைவிடப் பெரிய பிரசங்கம்.

ஆபத்து வேளையில் அன்பு காட்ட இந்த மண்ணுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2018 வெள்ளத்தின்போது பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் வரை போனார்கள். ஒக்கிப் புயல் தங்கள் கரையைச் சூறையாடி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. குறை இருப்பது அதற்கு அடுத்த நாளில்தான்.

நல்ல சமாரியன் உவமையில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி உண்டு. அடிபட்டவனின் காயத்தைக் கட்டியதோடு அந்தச் சமாரியன் போய்விடவில்லை. சத்திரத்தில் சேர்த்து, அங்கே அவனைப் பராமரித்து, மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக ஏற்றுக்கொண்டான். இயேசு காட்டிய அயலான், கணக்கை முடிக்காமல் திரும்பி வருகிறவன். ஒருமுறை இரங்குவது யாருக்கும் முடியும். கிறிஸ்தவனிடம் கேட்கப்படுவது அந்தத் திரும்பி வருதல்.

இங்கே நடந்தது என்ன? உடல் கிடைப்பதற்கு முன்பே, அந்தச் சுரங்கத்தைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்று ரயில்வேயும் மாநகராட்சியும் வாதிடத் தொடங்கிவிட்டன. மாநில அரசு அவருடைய தாய்க்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. கொடுக்க வேண்டிய பணம்தான். ஆனால் போதிய பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைக் கூலிக்கு இறக்கியதும், எல்லைக்கல்லைக் காட்டி விலகி நின்றதும் பாவம் என்று சொல்லத் தயங்கக்கூடாது. அடிபட்டவனைக் கண்டும் மறுபக்கமாக விலகிப் போன ஆசாரியனும் லேவியனும் செய்தது இதைத்தான்.

அலுவலகங்களைக் குற்றம் சாட்டிவிட்டு விசுவாசிகள் தப்பிக்கவும் வழியில்லை. நம் ஆலயத் திருவிழா விருந்து முடிந்தபின் தட்டுகளும் தண்ணீர் பாட்டில்களும் எங்கே போகின்றன? பிளாஸ்டிக் கழிவைச் சேகரிக்க வாசலுக்கு வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம், அந்தச் சிறு மாதக் கட்டணத்துக்காக முகம் சுளிக்கிறோமா? பாட்டிலைக் கழுவி, காயவைத்து, தனியே எடுத்து வைக்கும் அந்தச் சில நிமிடங்களும் நேசமே. நாம் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒரு மனிதரின் உயிரை அது காக்கிறது.

ஓடையில் பையை வீசிவிட்டு ஞாயிறன்று திருவிருந்தில் கை நீட்டுகிறவர் முதலில் தம் அயலானோடு ஒப்புரவாக வேண்டும். ஆயர்களும் குருமார்களும் இதைப் பீடத்திலிருந்தே, பெயர் சொல்லி, அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே சொல்ல வேண்டும்.