கிணறு இறைப்பது மட்டும் போதாது

ஊர் திரும்பும் குடும்பம் வளவுக்குள் கால் வைத்ததும் முதலில் தேடுவது வீட்டை; அடுத்துத் தேடுவது கிணற்றை. வீடு இல்லாவிட்டால் கிடுகினால் ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு நாளும் தங்க முடியாது. ஆனாலும் மீள்குடியேற்ற வேலைகளில் வீட்டுக்குக் கிடைக்கும் கவனம் கிணற்றுக்கும் ஊர்க் கேணிக்கும் கிடைப்பதில்லை. ஒரு நாள் மோட்டரைக் கொண்டுவந்து இறைத்து, ஒரு பிடி குளோரின் தூளைத் தூவி, "துப்புரவு செய்யப்பட்டது" என்று பதிந்துவிட்டால் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. வேறு சில இடங்களில் வடிகட்டி ஒன்று வழங்கப்படுகிறது. ஆறு மாதத்தில் அது அடைத்துப்போய் மாட்டுக்குத் தவிடு கரைக்கும் தொட்டியாகிவிடுகிறது. தண்ணீர் என்பது ஒரு நாள் வேலையன்று என்பதையும், பழுதுபார்க்கத் தெரியாத பொருளை வாங்குவதில் பயனில்லை என்பதையும் இங்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

எமது கிணறுகள் கைவிடப்பட்ட காலம் சிறியதல்ல. வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் எழும்பினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம் குடும்பங்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டன. 1995 ஒக்டோபரில் வலிகாமமே வெறிச்சோடியது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் அனைத்தையும் விட்டு நகர்ந்தார்கள். சிலருடைய காணி இருபது வருடங்களின் பின் விடுபட்டது; சிலருடையது இன்னமும் விடுபடவில்லை. இத்தனை காலம் பாவிக்காத கிணறு குப்பையும் இடிந்த கல்லும் ஆலமர வேரும் நிறைந்து கிடக்கும். அதை ஒரே நாளில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும் என்று எண்ணுவது தவறு.

முதலாவதாக, உயிருக்கு ஆபத்தான விடயங்கள் இரண்டு. யுத்தம் நடந்த இடங்களில் கைவிடப்பட்ட கிணறுகளுக்குள் வெடிபொருட்கள் கிடக்கக்கூடும். மிதிவெடி அகற்றும் பிரிவினர் பார்த்துச் சொல்லும்வரை அக்கிணற்றில் கொழுக்கியோ வாளியோ போடக்கூடாது. பிள்ளைகளை அண்ட விடவும் கூடாது. மற்றது காற்று. நெடுங்காலம் மூடிக் கிடந்த கிணற்றின் அடியில் நச்சு வாயு தங்கியிருக்கலாம். விளக்கை இறக்கிப் பார்க்கும் எமது முன்னோரின் வழக்கம் நல்லதே. விளக்கு அணைந்தால் இறங்கக்கூடாது என்பது நிச்சயம். ஆனால் அணையாமல் எரிந்தால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. எண்ணெயில் ஓடும் பம்பை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கி இயக்க வேண்டாம். அதன் புகையில் உள்ள காபன் மொனொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சில நிமிடங்களில் ஆளைக் கொன்றுவிடும். இறங்குபவரின் இடுப்பில் கயிறும், மேலே அவரைத் தூக்கக்கூடிய இருவரும் இருக்க வேண்டும்.

அடுத்தது இறைக்கும் அளவு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, கீழே உள்ள உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் பற்றிய கணக்கு. இதை மாற்றிப் பாருங்கள். நாம் மோட்டரால் ஓரடி இறக்கினால், கீழேயிருந்து உப்பு பல அடி மேலே எழும்பத் தொடங்கும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மோட்டருக்குக் களைப்பு இல்லை.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையோரத்தில் கிடைத்த பாடமும் இதுதான். கடல்நீர் புகுந்த கிணறுகளை நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்ல தண்ணீர் வருவதற்குப் பதிலாகச் சில இடங்களில் உப்பு கூடியது. அளவோடு இறைத்து, சேற்றை அள்ளி, உப்பைக் கழுவும் வேலையை மழைக்கு விட்டிருக்க வேண்டும் என்று பின்னர் அறிவுரை கூறப்பட்டது. ஆகவே கரையோரத்திலும் குடாநாட்டிலும் ஊர் முழுவதும் ஒரே நாளில் மோட்டர் போட்டு இறைப்பது ஆகாது. மாரிக்குச் சற்று முன், ஒவ்வொரு கிணறாக, சேறு வெளியேறும் அளவுக்கு மட்டும் இறைப்பதே நல்லது.

சேறு அள்ளிய பின் கட்டை உரஞ்சிக் கழுவி, வெடிப்புகளைச் சீமெந்தால் அடைக்க வேண்டும். கிணற்றைச் சுற்றிச் சீமெந்து மேடையும், ஊற்றும் தண்ணீர் தூரமாகப் போய்ச் சேர ஒரு வாய்க்காலும் வேண்டும். மேடை இல்லாத கிணற்றில், குளித்த அழுக்குநீரே மறுநாள் குடிநீராக வருகிறது. பிறகு குளோரின். இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. கிணற்றின் குறுக்களவை அடியில் அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். வந்ததை நீரின் ஆழத்தால் பெருக்கி, மீண்டும் 22ஆல் பெருக்குங்கள். கிடைப்பது லீற்றர் கணக்கு. பத்தடிக் குறுக்களவுள்ள கிணற்றில் ஆறடி நீர் இருந்தால் 13,200 லீற்றர். நூற்றுக்கு முப்பது வீதம் குளோரின் உள்ள வெளிற்றும் தூளில் 1,000 லீற்றருக்கு 70 கிராம் வீதம் எடுத்தால், அக்கிணற்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். அதை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றிக் கலக்கி, ஓரிரவு விட்டு, மணம் போகும்வரை அள்ளி ஊற்றிய பின்பே பாவிக்கலாம். ஈரம்பட்ட பழைய தூளில் வீரியம் இராது. அதைக் கணக்கில்லாமல் தூவுவதால் மணம் வருமேயன்றிக் கிருமி சாகாது.

கிணற்றோடு நாம் மறந்துவிட்ட இன்னொன்று கேணி. வழிப்போக்கருக்குச் சுமைதாங்கி, மாட்டுக்கு ஆவுரஞ்சிக்கல், இரண்டுக்கும் அருகே தண்ணீருக்குக் கேணி என்று அமைத்தவர்கள் எமது முன்னோர். பிள்ளைகள் நீந்தப் பழகியதும் அங்கேதான். குடாநாட்டில் மாத்திரம் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்களும் கேணிகளும் இருந்தன. இவை வெறும் குளிக்கும் இடங்களல்ல. மழைநீரைப் பிடித்துவைத்து, மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறக்கி, சுற்றியுள்ள கிணறுகளை ஊறச் செய்யும் இடங்கள். இன்று பலவற்றில் குப்பை கொட்டப்படுகிறது. சிலவற்றின் வரத்து வாய்க்கால் மதிலால் மறிக்கப்பட்டுள்ளது. கேணியைத் தூர்வாராமல் கிணற்றை மட்டும் திருத்துவது, வருமானத்தைக் கவனிக்காமல் செலவுக் கணக்கு மட்டும் எழுதுவது போன்றது. ஊரார் கூடி ஒரு வார இறுதிச் சிரமதானத்தில் வரத்து வாய்க்காலையாவது திறந்துவிடலாம். பிள்ளைகள் இறங்கும் கேணியானால் படிகளைத் திருத்தி, ஆழத்தைக் காட்டும் ஓர் அடையாளக் கம்பமும் நட வேண்டும்.

இனி வடிகட்டி. நகரத்து விடுதிகளில் நீச்சல் தடாகம் உண்டு. அதன் நீரை மோட்டர் உறிஞ்சி, இரும்புத் தாங்கியில் உள்ள மணலூடாக வேகமாகத் தள்ளி, குளோரினும் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறது. மணல் அடைத்துக்கொண்டால் நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தி அழுக்கைக் கழற்றுவார்கள். மோட்டர் சில நாட்கள் நின்றால் தடாகம் பச்சை பிடித்துவிடும். அந்த முறை பணமும் மின்சாரமும் உள்ள இடத்துக்கு உரியது.

எமக்குப் பொருத்தமானது மெதுவாக வடியும் மணல் வடிகட்டி. அடியில் சல்லி, அதன் மேல் சிறு சல்லி, அதற்கும் மேல் ஏறக்குறைய இரண்டடி நுண்மணல். நீர் மெல்ல இறங்கும்போது மணலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களாலான ஒரு மெல்லிய படை உருவாகிறது. நோய்க் கிருமிகளை உண்டு அழிப்பது அந்தப் படையே. 1892இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் வாந்திபேதி பரவி 8,000இற்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதனை ஒட்டியிருந்த அல்டோனா நகரம், ஹம்பேர்க்கின் கழிவு கலந்த அதே எல்ப் ஆற்று நீரைக் கீழே எடுத்துக் குடித்தும் பெரும்பாலும் தப்பியது. அல்டோனா மக்கள் தமது நீரை மணலால் வடித்தார்கள், ஹம்பேர்க்கில் வடிக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். வீட்டுக்கு ஏற்ற சிறிய வடிவத்தை 1990களில் கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மான்ஸ் உருவாக்கினார். சீமெந்துப் பெட்டி, மணல், சல்லி, ஒரு வளைந்த குழாய் ஆகியவையே அதற்குத் தேவை.

இவ்வளவு எளிய பொருள் ஏன் மூலையில் கிடக்கிறது? கொடுத்தவர் அதன் குணத்தைச் சொல்லிக் கொடுக்காமையே காரணம். மணலின் மேல் எப்போதும் இரண்டு அங்குல நீர் நிற்க வேண்டும். காய்ந்தால் அந்த உயிர்ப்படை செத்துவிடும். புதிய வடிகட்டி முழுப் பலன் தர மூன்று, நான்கு வாரங்கள் செல்லும். நீர் வருவது குறைந்தால் உடைந்துவிட்டது என்று எறிய வேண்டாம். மேலே நிற்கும் நீரைக் கையால் மெல்லக் கலக்கி, கலங்கிய நீரைக் கோப்பையால் அள்ளி ஊற்றினால் மீண்டும் ஓடும். நீர் திடீரென வேகமாக வந்தால் மணல் பருமன் என்றோ, பெட்டி ஓரத்தில் வெடித்துள்ளது என்றோ கொள்ள வேண்டும். மணலை ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்ணுள்ள வலையால் அரித்து, கழுவிப் போட வேண்டும். கடற்கரை மணல் உதவாது. அதில் உப்பும் சிப்பியும் உண்டு. இவற்றைச் செய்ய வெளியூர் நிபுணர் தேவையில்லை. ஊரில் இருவர் பழகினால் போதும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். தண்ணீரோடு நாள் முழுவதும் பாடுபடுபவர்கள் பெண்கள்தானே.

மணல் வடிகட்டியால் ஆகாதவையும் உண்டு. உப்பு, புளோரைட்டு, நைத்திரேற்று ஆகியன நீரில் கரைந்தவை. மணல் அவற்றைப் பிடிக்காது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இது மிஞ்சியுள்ளது. கைக்குழந்தைகளுக்கு இது மிகவும் கெடுதி. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நாம் அள்ளிப்போடும் யூரியாவும், கிணற்றுக்கு அருகில் வெட்டிய மலகூடக் குழியுமே இதற்குக் காரணங்கள். வெடிப்புள்ள சுண்ணாம்புக் கல்லில் 100 அடி தூரம்கூடச் சில வேளை போதாது. 2014, 2015இல் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினையும் எமக்கு நினைவிருக்கிறது. எந்த வடிகட்டி வேண்டும் என்று கேட்பதற்கு முன்னர் தண்ணீரைப் பரிசோதித்துத் தரும்படி கேட்க வேண்டும். இது எமது உரிமை.

உப்பும் புளோரைட்டும் மிகுந்த கிராமங்களில் மென்சவ்வு கொண்டு சுத்திகரிக்கும் இயந்திர நிலையங்கள் வந்துள்ளன. அவை வேண்டாம் என்பதல்ல எமது வாதம். சில ஊர்களுக்கு வேறு வழி இல்லை. ஆனால் மென்சவ்வு மாற்றும் செலவு யாருடையது? கழித்துவிடும் உப்புநீர் எங்கே போகிறது? மின்சாரம் நின்றால் என்ன செய்வது? 2022இல் எண்ணெய்க்கு வரிசையில் நின்றதையும், மின்சாரம் பல மணிநேரம் நின்றதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். இக்கேள்விகளுக்கு எழுத்தில் மறுமொழி பெறாமல் திறப்புவிழாவுக்கு மாலை கட்டக்கூடாது.

கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் நிலையில் கேணி வெட்ட நேரமேது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வயிற்றோட்டத்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் நாட்களும், பவுசருக்காகக் கான்களோடு காத்திருக்கும் மணித்தியாலங்களும் எமது உழைப்பிலிருந்தே கழிகின்றன. நெடுங்காலம் முகாம்களில் வரிசையில் நின்று வாங்கிப் பழகிய எமக்கு, தண்ணீரும் யாரோ தருவது என்ற எண்ணம் வந்துவிட்டது. கிணற்றுக்குப் பங்குக்காரராக, முறை வைத்து இறைத்த சமூகம் நாம். அந்த முறையை மீண்டும் எழுதி வைப்போம். யார் எந்த நாளில் இறைப்பது, யார் வடிகட்டியைப் பார்ப்பது, மாதம் எவ்வளவு சேர்ப்பது என்று கிராம அபிவிருத்திச் சங்கத்தின் புத்தகத்தில் பதிவாகட்டும்.

காணி இன்னும் கிடைக்காமல் உறவினர் வளவிலோ வாடகை வீட்டிலோ இருப்போருக்கும் இது பொருந்தும். நீங்கள் இருக்கும் இடத்துக் கிணறும் பலருடைய பாரத்தைத் தாங்குகிறது. அதன் மேடையைத் திருத்தினால் இடம் தந்தவருக்கும் அது உதவி. இருக்கும் இடத்தில் பழகிய கைவேலை, ஊருக்குத் திரும்பும்போது கூடவே வரும்.

ஐப்பசி மழைக்கு முன்னர் ஒவ்வொரு ஊரும் மூன்று வேலைகளைச் செய்து முடிக்கட்டும். கேணிக்கு நீர் வரும் வாய்க்காலைத் திறக்க வேண்டும். குடிநீர்க் கிணறு ஒன்றையாவது மேடையோடு திருத்தி, நீரைப் பரிசோதிக்க வேண்டும். வடிகட்டியைப் பழுதுபார்க்க இருவரைப் பழக்க வேண்டும். மழை தன் வேலையைச் செய்யும். விழும் தண்ணீர் தங்குவதற்கு இடம் செய்து வைப்பது எமது வேலை.