கத்தியின் விலையும் கணக்கும்

15 ஆண்டுகளுக்கு முன் ராஜஸ்தானில் ஒரு கிளையில் நான் பணியாற்றியபோது, காடியா லோகார் சமூகத்தைச் சேர்ந்த கொல்லர் ஒருவர் கடன் கேட்டு வந்தார். மாட்டுவண்டியை வீடாகவும் சாலையோரத்தை உலைக்களமாகவும் கொண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். அவரிடம் பிணை ஏதுமில்லை. முகவரிச் சான்றும் இல்லை. விதியைக் கூறித் திருப்பி அனுப்பினேன். அன்று மாலை அவரிடமே 80 ரூபாய்க்கு ஒரு காய்கறிக் கத்தி வாங்கினேன். பழைய லாரியின் கமான் பட்டையைக் காய்ச்சி, மனைவி சம்மட்டி ஓங்க, அவர் வடித்த கத்தி அது.

அக்கத்தி இன்றும் எங்கள் சமையலறையில் இருக்கிறது. பின்னர் வாங்கிய ஆலைக் கத்திகள் நான்கும் குப்பைக்குப் போய்விட்டன.

இதனால் ஆலைக் கத்தி தாழ்ந்தது என்று கூறமாட்டேன். எவர்சில்வர் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் அது எளிதில் துருப்பிடிப்பதில்லை. எலுமிச்சை நறுக்கினாலும் கறுப்பதில்லை. குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கொல்லர் அடித்த கத்தியையோ, நறுக்கி முடித்தவுடன் கழுவித் துடைத்து வைக்கவேண்டும். ஆயினும் அது மழுங்கினால் கல்லில் சற்றே தீட்டப் பழைய கூர் திரும்பிவிடும். பிடி கழன்றால் மாற்றிக்கொள்ளலாம். மெல்லிய தகட்டுக் கத்தி மழுங்கினால் நாம் வேறொன்று வாங்குகிறோம். விலையைப் பயன்பட்ட ஆண்டுகளால் வகுத்துப் பார்ப்பதே சரியான கணக்கு. வணிகவியல் பயின்ற எனக்கு அதனை உணர்த்தியது அந்த 80 ரூபாய்க் கத்திதான்.

நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. பழைய கத்தியைக் காக்கச் சட்டம் உண்டு. இன்று கத்தி அடிப்பவரைக் காப்பது யார்? 2023 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் அதற்கு ஒரு விடை. கொல்லர் உள்ளிட்ட 18 தொழில்களைச் சார்ந்தோர், பிணையின்றி, 5 விழுக்காடு வட்டியில், முதலில் 1 லட்சமும் பின்னர் 2 லட்சமும் வரை கடன் பெறலாம். எனினும் முதற்கட்டச் சரிபார்ப்பு ஊராட்சி அல்லது நகராட்சி வழியே நடைபெறுவதால், ஊர்விட்டு ஊர் செல்வோர்க்கு அது இன்னும் எளிதன்று. இக்குறை களையப்படவேண்டும்.

கடன் மட்டும் போதாது, வாங்குவோரும் வேண்டும். அடுத்த கத்தியை உங்கள் ஊர்ப் பட்டறையில் பேரம் பேசாமல் வாங்குங்கள். அப்படியே அக்கொல்லரிடம் இத்திட்டத்தைக் கூறி, அருகிலுள்ள வங்கிக் கிளைக்கு அழைத்து வாருங்கள். மீண்டும் ஒருவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை.